கிரீச்சிடும் கார்பன் சைக்கிள்: சத்தம் பிறக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

என் கார்பன் சைக்கிள் முதன்முதலில் முனகியது முட்டுக்காடு பாலத்தில். மாமல்லபுரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர்க்காற்று. கொஞ்சம் அழுத்தி மிதித்ததும் வலது பெடல் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஒரு ‘கிரீச்’. கூட வந்த நண்பர் ஓட்டிக்கொண்டே காதைக் கொடுத்துவிட்டு, "பாட்டம் பிராக்கெட் போச்சு" என்று தீர்ப்பு சொன்னார். பெடல் கைகள் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங் தொகுதிதான் பாட்டம் பிராக்கெட். கடையிலும் அதையே சொன்னார்கள். மாற்றினார்கள். ஒரு வாரம் நிசப்தம். அடுத்த ஞாயிறு அதே பாலம், அதே கிரீச்.

கடைசியில் குற்றவாளி சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டு. அப்படியானால் அந்த ஒரு வாரம் ஏன் சத்தமில்லை? கார்பன் குழாயை ஸ்டாண்டின் பிடியில் இறுக்கக்கூடாது என்பதால் கடையில் சீட் போஸ்ட்டை உயர்த்தி அதைப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் துடைத்துப் பழைய அளவுக்கு இறக்கியிருக்கிறார்கள். பாட்டம் பிராக்கெட்டுக்காகச் செய்த வேலையில் சீட் போஸ்ட் தற்செயலாகக் கொஞ்ச நாள் குணமாகிவிட்டது. நானும் அவர்களும் மாற்றிய பாகத்துக்கே புகழைக் கொடுத்துவிட்டோம்.

சத்தம் கேட்கும் இடத்தை நம்பாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தில்தான் கை வையுங்கள். செலவில்லாத இடத்தில் தொடங்கிச் செலவான இடத்தில் முடியுங்கள். கீழே உள்ள வரிசை முழுக்க இதன்படிதான் அமைந்திருக்கிறது.

கார்பன் ஏன் காதை ஏமாற்றுகிறது

கிரீச் என்பது பெரும்பாலும் ஒட்டி வழுக்கும் சத்தம். இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டிய இரண்டு பரப்புகளுக்கு நடுவில் அழுக்கோ உப்போ சேர்ந்துவிட்டால், அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டால், சுமை ஏறும்போது அவை கொஞ்சநேரம் ஒட்டி நிற்கும். பிறகு முடியளவு நகரும். அந்த நகர்வுதான் சத்தம். கதவுக் கீல் முனகுவதும் இதே சங்கதிதான்.

கார்பன் ஃபிரேம் மெல்லிய சுவரும் வெற்று வயிறும் கொண்டது. தம்புராவில் விரல் படுவது தந்தியில், ஒலி பெருகுவது குடத்தில். அதேபோல சேடில் (சீட்) பிடியில் பிறந்த சின்ன முனகல், சீட் போஸ்ட் செருகியிருக்கும் சீட் டியூப் வழியாக இறங்கி, குழாய்கள் எல்லாம் சந்திக்கும் பாட்டம் பிராக்கெட் பகுதியில் பெரிதாகக் கேட்கும். மிதிக்கும்போதுதான் ஃபிரேம் மீது சுமை ஏறி இறங்குகிறது என்பதால், பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கரின் சத்தமும் பின் அச்சின் சத்தமும்கூடப் பெடலின் தாளத்திலேயே வரும். பாட்டம் பிராக்கெட் பழியை வாங்கிக்கொள்வது இதனால்தான்.

கார்பன் இழையே கிரீச்சிடுவது அரிது. கார்பனும் உலோகமும் சந்திக்கும் மூட்டுகள்தான் கத்துகின்றன. கார்பனிலிருந்தே சத்தம் வந்தால் அது வேறு விவகாரம். அதை முதலில் தீர்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்: விரிசல் இருக்கிறதா?

சைக்கிளைக் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் குழாய்க்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத கோடு, சாய்வான வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். கவனிக்க வேண்டிய இடங்கள்: கற்கள் தெறிக்கும் டவுன் டியூபின் (ஹேண்டில் பக்கமிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் குழாய்) அடிப்பக்கம், செயின் நழுவி உராயும் வலது செயின் ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்), சீட் டியூபின் மேல் விளிம்பு, ஹெட் டியூபின் (ஹேண்டிலுக்குக் கீழே உள்ள முன் குழாய்) இருபுறம், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தோள், ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் கவ்வும் பகுதி. எப்போதாவது கீழே விழுந்திருந்தால் அடிபட்ட பக்கத்தை இரண்டு முறை பாருங்கள்.

கோடு தெரிந்தால் நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் சிக்கினால் சந்தேகம் வலுக்கிறது. கோடு இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழைந்து உள்ளே போனால் அது பெயின்ட்டோடு நின்ற விரிசல் அல்ல. ஒரு நாணயத்தால் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல இடம் ‘டிக்’ என்று கணீரென ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் ‘தொப்’ என்று மந்தமாக இருக்கும். குழாயின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒலியும் இயல்பாகவே மாறும். எனவே இடது ஸ்டேயைத் தட்டினால் வலது ஸ்டேயில் அதே புள்ளியைத் தட்டி ஒப்பிடுங்கள்.

பெயின்ட் கோடுதான் என்று தோன்றினாலும் இரண்டு முனைகளிலும் பென்சிலால் குறி வைத்து, சில சவாரிகளுக்குப் பிறகு வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க், அதன் மேல்தண்டான ஸ்டியரர், ஹேண்டில்பார் மூன்றிலும் சந்தேகத்தின் பலனைப் பாகத்துக்குக் கொடுக்காதீர்கள். அங்கே கோடு இருந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். ஃபிரேம் குழாயில் விழுந்த விரிசலைக் கார்பன் வேலை தெரிந்தவர்கள் பழுதுபார்க்க முடியும். அது வீட்டில் பசை தடவிச் செய்யும் காரியம் இல்லை.

விரிசல் இல்லையென்றால் நிம்மதி. இனி இது துப்பறியும் வேலைதான்.

கையில் இருக்க வேண்டியவை

எல்-கீ செட், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச், நல்ல கிரீஸ், கார்பன் பேஸ்ட், ஐசோபுரோபைல் ஆல்கஹால், டார்ச், பழைய பனியன் துணி. டார்க் ரெஞ்ச் விலையாகத் தோன்றும். ஆனால் நசுங்கிய கார்பன் சீட் போஸ்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு. சைக்கிள் பாகங்களில் அடிக்கடி வரும் எண் 5 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள எல்-கீயின் நுனியில் ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம் அது. நாம் பழக்கதோஷத்தில் ‘இன்னும் ஒரு சுற்று’ போடும்போது இதை எளிதாகத் தாண்டிவிடுகிறோம்.

கார்பன் பேஸ்ட்டும் கிரீஸும் எதிரெதிர் குணம் கொண்டவை. பேஸ்ட்டில் மணல் போன்ற நுண்துகள்கள் உண்டு. அவை பரப்புகளைக் கவ்விப் பிடிக்க வைப்பதால் குறைந்த இறுக்கத்திலேயே பாகம் வழுக்காமல் நிற்கும். கிரீஸ் வழுக்க வைக்கும். கார்பன் கவ்வும் இடத்தில் பேஸ்ட், உலோக மரையில் கிரீஸ். இதை மாற்றிப் போட்டால் சீட் போஸ்ட் இறங்கும், நீங்கள் மேலும் முடுக்குவீர்கள், கார்பன் நசுங்கும்.

படி 1: ஓட்டிக்கொண்டே விசாரணை

எல்-கீயை எடுப்பதற்கு முன் ஒரு மணிநேரம் சத்தத்தை மட்டும் கவனியுங்கள். போக்குவரத்து இல்லாத விடியற்காலை நல்லது. கொஞ்சம் மேடு வேண்டும். சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். பார்த்ததைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீடு சேர்வதற்குள் குழம்பிவிடும்.

முதல் கேள்வி: மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டால் சத்தம் நிற்கிறதா? நிற்காமல் சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் சக்கரத்தைப் பாருங்கள். பள்ளத்தில் விழும்போது மட்டும் கேட்டால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி), உள்ளே ஓடும் கேபிள், தண்ணீர் பாட்டில் கூடு.

இரண்டாவது கேள்விதான் என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டியது: சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தால் சத்தம் போகிறதா? போனால் சேடில் அல்லது சீட் போஸ்ட் என்பது ஏறக்குறைய உறுதி. முட்டுக்காடு பாலத்தில் பத்து விநாடி எழுந்து நின்றிருந்தால் எனக்கு ஒரு பாட்டம் பிராக்கெட்டின் காசு மிஞ்சியிருக்கும்.

எழுந்து நின்றால்தான் சத்தம் வருகிறதா? அப்போது நீங்கள் ஹேண்டில்பாரை இழுக்கிறீர்கள், சைக்கிளும் பக்கவாட்டில் ஆடுகிறது. ஸ்டெம், ஹெட்செட், முன் அச்சு மூன்றும் சந்தேகப் பட்டியலுக்கு வரும். உட்கார்ந்தபடியே கையை லேசாக வைத்து மிதித்துப் பாருங்கள், பிறகு பாரை இழுத்து மிதியுங்கள். வித்தியாசம் தெரிந்தால் முன்பக்கம்.

அடுத்து ஒற்றைக் கால். ஆளில்லாத இடத்தில் ஒரு காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு மற்றக் காலால் மட்டும் மிதியுங்கள். சத்தம் கடிகார முள்ளின் எந்த நிலையில் வருகிறது? எப்போதும் ஒரே பக்கத்தில் 3 மணி நிலையில் என்றால் அந்தப் பெடல், அந்த ஷூ, அந்தப் பெடலைத் தாங்கும் கையான கிராங்க். இரண்டு பக்கமும் வந்தால் பாட்டம் பிராக்கெட், ஹேங்கர், பின் அச்சு.

கியரையும் மாற்றிப் பாருங்கள். பெரிய செயின்ரிங்கில் (முன்பக்கப் பல் வளையம்) மட்டும் கேட்டால் அதன் போல்ட்டுகள். சத்தம் பெடலின் சுற்றோடு ஒத்துப்போகாமல் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் ஒருமுறை ‘டிக்’ என்று வந்தால் அது செயினின் இறுகிய கண்ணி. 110 கண்ணி உள்ள செயின் 50 பல் வளையத்தில் ஒரு முழுச் சுற்று வர 2.2 கிராங்க் சுற்று ஆகும், கணக்கு சரியாக உட்காரும்.

படி 2: நிறுத்தி வைத்து விசாரணை

சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின் பிரேக்கை அழுத்தி, ஒரு பெடலைக் கீழே வைத்துக் காலால் பக்கவாட்டில் மிதித்து அழுத்துங்கள். பிடித்திருப்பவர் ஒவ்வொரு மூட்டாக விரல் நுனியை வைத்துப் பார்க்கட்டும். காது ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறாது. சத்தம் பிறக்கும் மூட்டில் அந்த அதிர்வு ‘டக்’ என்று விரலில் தெரியும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கிராங்கிலோ, சீட் போஸ்ட்டைக் கவ்வும் வளையமான சீட் கிளாம்ப்பிலோ வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது பழைய மோட்டார் மெக்கானிக்குகளின் வழக்கம். அதுவும் உதவும். கார்பன் மீது மட்டும் நுனியை வைத்து அழுத்தாதீர்கள்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட் டியூபின் இடைவெளியில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் கடக்கென்று நின்று பிறகு போனால் பேரிங்கில் குழி விழுந்துவிட்டது. செயினை வளையத்திலிருந்து இறக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பாட்டம் பிராக்கெட் பேரிங் தேய்ந்திருக்கிறது. வழவழவென்று சுற்றினால் அது நிரபராதி என்று அர்த்தமில்லை, பேரிங் நன்றாக இருந்து அது உட்கார்ந்திருக்கும் இடம் கத்தலாம்.

படி 3: சில்லறைக் குற்றவாளிகள்

பாட்டில் கூட்டின் போல்ட்டுகள். சிரிக்காதீர்கள், கார்பன் ஃபிரேமில் ஒட்டப்பட்ட உலோக மரையின் போல்ட் தளர்ந்தால் பாட்டம் பிராக்கெட்டே உடைந்ததுபோல் கேட்கும். கழற்றித் துடைத்து, துளி கிரீஸ் வைத்து, 2 முதல் 3 நியூட்டன் மீட்டரில் முடுக்குங்கள். அதற்கு மேல் போனால் மரையே சுழல ஆரம்பிக்கும்.

ஷூவின் கிளீட், அதாவது ஷூவைப் பெடலில் பூட்டும் அடித்துண்டு. மணலும் வியர்வையும் சேர்ந்து கிளீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் கிரீச் உண்டாகும். கடற்கரைப் பக்கம் டீ குடிக்க நடந்தவர்களுக்கு இது சகஜம். போல்ட்டுகளைக் கழற்றி மரைக்குக் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். ஷிமானோ நிறுவனத்தின் சாலை சைக்கிள் கிளீட்டுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். எங்கள் குழுவில் ஒருவர் மூன்று வாரம் ஃபிரேமைச் சந்தேகித்தார். வேறு ஷூ போட்டு ஓட்டிய அன்று சத்தம் இல்லை.

பெடல். இரண்டையும் கழற்றி மரையைத் துடைத்து கிரீஸ் தடவி மாட்டுங்கள். இடது பெடலுக்கு எதிர் மரை என்பதை மறக்க வேண்டாம். ஷிமானோ சொல்லும் அளவு 35 முதல் 55. கார்பன் கிராங்க் என்றால் தயாரிப்பாளர் கொடுத்த வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரம். வால்வு ரிம்மின் துளையில் தட்டி, சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று வருவது உண்டு. வால்வைச் சுற்றிச் சின்ன டேப் போதும். ஸ்போக்குகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் வைத்து உடனே துடையுங்கள். பிரேக் டிஸ்க்கிலோ ரிம்மின் பிரேக் பரப்பிலோ எண்ணெய் பட்டால் கிரீச்சை நிறுத்தப்போய் பிரேக்கை இழந்துவிடுவீர்கள். பின்சக்கரப் பல் வளையங்களின் தொகுதியான கேசட்டைப் பூட்டும் லாக்ரிங் தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும். அதற்கு 30 முதல் 50.

உள்ளே ஓடும் கேபிள் குழாயின் சுவரில் தட்டுவது கிரீச் அல்ல, கடகடப்பு. கேபிள் மேல் நுரைக்குழல் போர்த்தினால் தீரும்.

படி 4: பின் அச்சும் ஹேங்கரும்

எனக்குத் தெரிந்தவரை, பழியைப் பாட்டம் பிராக்கெட்டின் மேல் போட்டுவிட்டு அதிகம் தப்பித்துக்கொள்வது டீரெய்லர் ஹேங்கர். டீரெய்லரையும் (பின் கியர் மாற்றி) ஃபிரேமையும் இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு ஒன்றிரண்டு போல்ட்டில் கார்பனோடு ஒட்டி நிற்கிறது. நீங்கள் அழுத்தி மிதிக்கும்போது பின் முக்கோணம் லேசாக வளையும். ஹேங்கருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் தூசி இருந்தால் உடனே முனகும்.

பின் சக்கரத்தை எடுங்கள். ஹேங்கர் போல்ட்டைக் கழற்றி, துண்டை வெளியே எடுத்து, இரண்டு முகத்தையும் ஆல்கஹாலில் துடையுங்கள். ஹேங்கர் முகத்தில் காகிதம் அளவு மெல்லிய கிரீஸ் தடவி, மறுபடி மாட்டுங்கள். இங்கே எதையும் கவ்விப் பிடிக்க வேண்டியதில்லை, எனவே கிரீஸ் சரிதான். கூடவே சக்கரத்தின் நடுவே செருகும் அச்சான திரூ ஆக்ஸிலை உருவித் துடைத்து, மரைக்கும் தலையின் அடிப்பக்கத்துக்கும் கிரீஸ் வைத்து, அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு முடுக்குங்கள். டிஸ்க் பக்கம் விரல் போகக்கூடாது.

இந்தப் படிக்கு ஆகும் நேரம் இருபது நிமிடம். செலவு கிட்டத்தட்ட இல்லை. பாட்டம் பிராக்கெட்டைத் தொடும் முன் இதைச் செய்யாதவர் பாவம் செய்தவர்.

படி 5: சேடிலும் சீட் போஸ்ட்டும்

சேடிலின் மூக்கையும் பின்பக்கத்தையும் கையால் பிடித்துத் திருகி அழுத்துங்கள். அங்கேயே சத்தம் வந்தால் வேலை எளிது. கம்பிகள் சேடிலின் அடியில் செருகியிருக்கும் குழிகளில் துளி எண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள். பிறகு கிளாம்ப்பைப் பிரித்து, கம்பியையும் கவ்வும் பள்ளத்தையும் துடைத்து, போல்ட் மரைக்குக் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். கார்பன் கம்பியுள்ள சேடிலில் ஒரு எச்சரிக்கை: அவை பெரும்பாலும் 7க்கு 9 மில்லிமீட்டர் அளவுள்ள நீள்வட்டம், உலோகக் கம்பி 7 மில்லிமீட்டர் வட்டம். வட்டத்துக்கான கிளாம்ப்பில் நீள்வட்டத்தை இறுக்கினால் முதலில் கிரீச், பிறகு முறிவு.

சீட் போஸ்ட்டுக்கு வருவோம். மழையில் ஓட்டும்போது பின் சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் சீட் கிளாம்ப்பின் பிளவு வழியாக உள்ளே இறங்கும். கடலோரம் ஓட்டுபவர்களுக்கு உப்பும் சேரும். அக்டோபரில் தொடங்கும் மழை டிசம்பரில் முடிந்ததும் ஒருமுறையாவது வெளியே எடுத்துத் துடைப்பது நல்லது.

எடுக்கும் முன் உயரத்தைக் காக்க, போஸ்ட்டைச் சுற்றி டேப் ஒட்டிக் குறியுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி உருவுங்கள். போஸ்ட்டையும் சீட் டியூபின் உள்சுவரையும் ஆல்கஹால் நனைத்த துணியால், துணி அழுக்கில்லாமல் வரும்வரை துடையுங்கள். காயட்டும். உள்சுவரில் செதில், ஓரத்தில் பிளவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போஸ்ட்டின் செருகும் பகுதியில் கார்பன் பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவி, குறைந்தபட்ச ஆழக் கோடு உள்ளே மறையும்படி இறக்குங்கள். கிளாம்ப் வளையத்தையும் துடைத்து, போல்ட்டின் மரைக்கு மட்டும் கிரீஸ் வையுங்கள். கிளாம்ப்பில் அச்சிட்ட அளவு பெரும்பாலும் 5ஐ ஒட்டியிருக்கும். 4இல் தொடங்கி, போஸ்ட் வழுக்கினால் மட்டும் மேலே போங்கள்.

காற்றைக் கிழிக்கும் தட்டையான வடிவ ஃபிரேம்களில் வெளியே வளையம் இருக்காது. உள்ளே ஆப்பு ஒன்று ஏறி இறங்கிப் போஸ்ட்டைப் பிடிக்கும். இந்த ஆப்புகள் பேர்பெற்ற முனகல்காரர்கள். பிரித்தெடுத்து, உலோகம் உலோகத்தோடு சறுக்கும் சாய்வு முகத்துக்குக் கிரீஸும், போஸ்ட்டைத் தொடும் முகத்துக்குக் கார்பன் பேஸ்ட்டும் வையுங்கள். இரண்டையும் குழப்பிவிட்டால் மீண்டும் பிரிக்க வேண்டியதுதான்.

கார்பன் ஃபிரேமில் அலுமினிய போஸ்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உப்புநீர் நடுவில் வந்தால் அலுமினியம் மெல்லக் கரைந்து வெள்ளைத் தூளாகப் படியும். அந்தத் தூள் முதலில் சத்தம் போடும், பிறகு போஸ்ட்டைச் சிமென்ட் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே அசையவில்லை என்றால் சேடிலைப் பிடித்து முழு பலத்தில் திருகாதீர்கள். சீட் டியூப் கிழிந்துவிடும்.

படி 6: ஸ்டெம், ஹேண்டில்பார், ஹெட்செட்

உள்ளேயே ஹைட்ராலிக் பிரேக் குழாய் ஓடும் சைக்கிளாக இருந்தால் ஸ்டெம்மின் முகப்புத் தகட்டோடு நின்றுகொண்டு, மீதியைக் கடைக்கு விடுங்கள். தகட்டைக் கழற்றி, கவ்வும் பரப்புகளைத் துடைத்து, கார்பன் பாருக்குப் பேஸ்ட் தடவி, நான்கு போல்ட்டையும் குறுக்காக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். தயாரிப்பாளர் வேறு மாதிரி சொல்லாதவரை மேல், கீழ் இடைவெளி சமமாக இருக்க வேண்டும்.

ஹெட்செட்டுக்கு எதிரி உங்கள் வியர்வை, குறிப்பாக வீட்டுக்குள் சைக்கிளை டிரெய்னர் என்ற பயிற்சி ஸ்டாண்டில் மாட்டி ஓட்டுபவர்களுக்கு. நெற்றியிலிருந்து சொட்டுவது நேராக மேல் பேரிங்கில்தான் விழுகிறது. மேல்மூடி, ஸ்டெம், ஸ்பேசர்களைக் கழற்றி ஃபோர்க்கை இறக்குங்கள். பேரிங், பிளவு வளையம், அவை உட்காரும் இடம் எல்லாம் துடைத்து கிரீஸ் வைத்து அடுக்குங்கள். கழற்றிய வரிசையில் தரையில் அடுக்கிப் படமெடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது திண்டாட வேண்டாம். மாட்டும்போது முதலில் மேல்மூடியை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் திருகி, பிறகு ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள். கார்பன் ஸ்டியரருக்குள் விரியும் பிளக் சரியான உயரத்தில் ஸ்டெம்முக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் முடுக்கினால் ஸ்டியரர் உள்பக்கமாக நசுங்கும்.

படி 7: கடைசியில்தான் பாட்டம் பிராக்கெட்

இதுவரை செய்த எதுவும் பலிக்காமல், ஒற்றைக் கால் சோதனை இரண்டு பக்கமும் குற்றம் சாட்டினால், இப்போது பாட்டம் பிராக்கெட்டைத் திறக்கலாம். அதற்கும் முன் கிராங்கை மட்டும் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள், பாதி வழக்கு அதிலேயே முடியும். ஷிமானோ ஹாலோடெக் கிராங்கில் இடது கையின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, மூடியைக் கழற்றி, பாதுகாப்புத் தகட்டைத் தூக்கினால் கை வந்துவிடும். அச்சின் பற்களைத் துடைத்து கிரீஸ் வையுங்கள். மாட்டும்போது மூடிக்குக் கையளவு இறுக்கம் போதும், 0.7 முதல் 1.5. பிறகு இரண்டு போல்ட்டையும் மாறி மாறி 12 முதல் 14. செயின்ரிங் போல்ட்டுகளையும் இதே மூச்சில் கழற்றி கிரீஸ் வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் ஃபிரேமில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். மரை போட்ட வகை என்றால் அதிர்ஷ்டசாலி. பழைய பிஎஸ்ஏ மரையில் வலது கப் (பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்) எதிர் மரை, கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். துடைத்து, மரை முழுக்க தாராளமாகக் கிரீஸ் வைத்து, 35 முதல் 50 நியூட்டன் மீட்டரில் முடுக்கினால் தீர்ந்தது.

அழுத்திப் பொருத்தும் வகைதான் தலைவலி. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2000இல் கேனன்டேல் நிறுவனம் பிபி30 என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. கப்பும் மரையும் இல்லாமல், 42 மில்லிமீட்டர் துளையில் பேரிங்கை நேராக அழுத்தி, 30 மில்லிமீட்டர் தடித்த அச்சைச் செருகுவது. எடை குறைந்தது. 2006இல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். தொடர்ந்து 46 மில்லிமீட்டர் துளையுள்ள பிஎஃப்30, 41 மில்லிமீட்டர் துளையுள்ள பிபி86 என்று குடும்பம் பெருகியது. கணக்கில் எல்லாம் சரி. ஆனால் வார்ப்பு அச்சில் உருவாகும் கார்பன் துளை கச்சிதமான வட்டமாகவும், இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டிலும் இருக்க வேண்டும். முடியளவு தவறினாலும் கப் உள்ளே அசையும், அசைந்தால் கத்தும். சலித்துப்போய் 2015இல் கிறிஸ் கிங், ஆர்கனாட் என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து டி47 என்ற பெரிய மரை அமைப்பை முன்வைத்தார்கள். 2020இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் டார்மாக் எஸ்எல்7 ஃபிரேமில் பிஎஸ்ஏ மரைக்கே திரும்பியது. என் கருத்தைக் கேட்டால், அடுத்த சைக்கிள் வாங்கும்போது எடையைவிட முதலில் கேட்க வேண்டியது மரை உண்டா என்பதுதான்.

வாங்கியாகிவிட்டது, அழுத்திப் பொருத்திய வகைதான் என்றால்: அதற்கான உருவியால் கப்புகளை வெளியே எடுங்கள். சுத்தியலும் கட்டையும் வேண்டாம். ஒருமுறை உருவிய பேரிங் பெரும்பாலும் அடிபட்டிருக்கும், புதியதை வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். துளையைத் துடைத்து, பழைய பசையையும் பொடியையும் நீக்கி, விரிசல் தேடுங்கள். பிளாஸ்டிக் கப் வகைக்குத் தயாரிப்பாளர் கிரீஸ் சொன்னால் கிரீஸ். அலுமினியத் துளையில் நேராக உட்காரும் பேரிங்குக்கு லாக்டைட் 609 போன்ற பிடிப்புத் திரவம் வைப்பது வழக்கம், ஆறுவதற்கு ஒரு நாள் விட்டுவிடுங்கள். வெறும் கார்பன் துளையில் எதைத் தடவலாம் என்பதை ஃபிரேம் தயாரித்தவரின் கையேடு மட்டுமே முடிவு செய்யட்டும். பிறகு அழுத்தும் கருவியால், கோணாமல், மெதுவாக இறக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு திரும்பி வந்தால், இடது கப்பும் வலது கப்பும் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று மரையில் முடுக்கிக்கொள்ளும் வகையைப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் கப்புகள் அசையாமல் ஒரே கோட்டில் நிற்கின்றன. விலை கூடுதல், ஆனால் பிடிவாதமான ஃபிரேம்களை இது அடக்கி நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்குக் கொண்டுபோனால்

ஒவ்வொரு படிக்கும் பிறகு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவார்கள். சத்தம் போய்விடும், ஆறு மாதத்தில் திரும்பும்போது எதிலிருந்து வந்தது என்று தெரியாது.

கருவி இல்லாமல் கடைக்குப் போகிறீர்கள் என்றால் "பாட்டம் பிராக்கெட் சத்தம் போடுது" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அதைத்தான் மாற்றுவார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. "உட்கார்ந்து மிதிச்சா வருது, எழுந்தா வரல, வலது கால் மூணு மணி நிலையில, பெரிய கியர்லயும் சின்ன கியர்லயும் ஒரே மாதிரி" என்று கைபேசியில் குறித்ததைப் படித்துக் காட்டுங்கள். சைக்கிளைத் திரும்ப வாங்கும்போது எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதோடு, ஸ்டாண்டில் மாட்ட சீட் போஸ்ட்டை உயர்த்தினார்களா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.